பழைய பெட்ரோல் காரில் ஃப்யூவல் பிரஷர் குறைகிறதா? பம்ப்பை மாற்றுவதற்கு முன் படிப்படியாகக் கண்டுபிடிப்பது எப்படி

மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தும் வண்டி இழுக்க மறுக்கிறது, மேம்பாலம் ஏறும்போது திணறுகிறது, காலையில் செல்ஃப் நாலைந்து விநாடி அடித்த பிறகுதான் எஞ்சின் பிடிக்கிறது. பழைய எம்பிஎஃப்ஐ கார் (கார்புரேட்டருக்குப் பதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இஞ்செக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) இந்த நிலைக்கு வந்தவுடன் பட்டறையில் முதலில் காதில் விழுவது "ஃப்யூவல் பம்ப் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்பதுதான். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் கேஜ் மாட்டிப் பார்க்காமல், வயரில் வோல்டேஜ் பார்க்காமல் சொன்னால் அது வெறும் ஊகம். அந்த ஊகத்துக்காக டாங்கியை இறக்கி, பம்ப் வாங்கிப் போட்டு, கடைசியில் துருப்பிடித்த ஓர் எர்த் வயர்தான் காரணம் என்று தெரிய வருவது பழைய கார்களில் நிறையவே நடக்கிறது.

இந்த வழிகாட்டியில் மாருதி எஸ்டீமை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 1.3 லிட்டர், 16 வால்வு, எம்பிஎஃப்ஐ எஞ்சின் வைத்து 2007 வரை வந்த வண்டி. ஃப்யூவல் ரெயிலில் (இஞ்செக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாய்) பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், டாங்கிக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஓஸ் என்று எல்லாம் வெளிப்படையாக இருப்பதால் கற்றுக்கொள்ள நல்ல அமைப்பு. அந்தக் காலத்து மற்ற எம்பிஎஃப்ஐ கார்கள் பலவற்றுக்கும் இதே முறை பொருந்தும், அளவுகளை மட்டும் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரஷர் எப்படி உருவாகிறது

இது புரியாமல் கேஜ் மாட்டிப் பயனில்லை. டாங்கிக்குள் பெட்ரோலில் மூழ்கிய நிலையில் மின்சாரப் பம்ப் இருக்கிறது. அதன் அடியில் ஸ்ட்ரெய்னர் என்கிற வலை. பம்ப்பின் வாயில் ஒரு செக் வால்வு, எஞ்சின் நின்ற பிறகும் லைனில் பிரஷர் வடிந்து போகாமல் அது பிடித்து வைக்கும். அங்கிருந்து ஃபில்டர், பைப், எஞ்சின் மேல் ஃப்யூவல் ரெயில், அதில் நாலு இஞ்செக்டர்கள். ரெயிலின் முனையில் பிரஷர் ரெகுலேட்டர். பம்ப் எப்போதுமே தேவைக்கு மேல் பெட்ரோலைத் தள்ளுகிறது, ரெகுலேட்டர் வேண்டிய அளவு பிரஷரை நிறுத்திக்கொண்டு மிச்சத்தை ரிட்டர்ன் லைன் வழியாக டாங்கிக்கு அனுப்புகிறது.

ஆக, பிரஷர் என்பது பம்ப் மட்டும் உண்டாக்குவது அல்ல. பம்ப் தள்ளும் அளவும், வழியில் உள்ள அடைப்பும், ரெகுலேட்டர் திறந்துவிடும் அளவும் சேர்ந்து தருவதுதான் கேஜில் தெரியும் எண். இதில் எது கெட்டாலும் அறிகுறி ஒன்றுபோலத்தான் இருக்கும்.

எஸ்டீமில் எஞ்சின் ஓடாமல் பம்ப் மட்டும் ஓடும்போது சதுர சென்டிமீட்டருக்கு 2.7 முதல் 3.1 கிலோ வரை இருக்க வேண்டும். ஐடிலில் 2.1 முதல் 2.6 கிலோ. நிறுத்தி ஒரு நிமிடம் கழித்தும் 2 கிலோவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். உங்கள் கேஜ் பிஎஸ்ஐயில் காட்டினால் ஒரு கிலோவுக்கு 14.2 என்று பெருக்கிக்கொள்ளுங்கள். ஐடிலில் ஏன் குறைகிறது என்ற கேள்வி வரும். ரெகுலேட்டரின் மேல் பக்கம் ஒரு மெல்லிய வேக்குவம் ஓஸ், எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகிறது. இஞ்செக்டரின் முனை மேனிஃபோல்டின் வேக்குவத்துக்குள் இருப்பதால், அங்கே வேக்குவம் கூடும்போது ரெகுலேட்டரும் பிரஷரைக் குறைத்து இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே அளவில் வைக்கிறது. அதனால் ஐடிலில் 2.3 கிலோ காட்டியதைப் பார்த்து "3 இல்லையே, பம்ப் வீக்" என்று சொன்னால் அது தவறான தீர்ப்பு.

அறிகுறியே பாதி சொல்லிவிடும்

எப்போது தொந்தரவு வருகிறது என்பதைக் கவனமாக எழுதி வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் நீளமாக செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது, பிடித்த பிறகு ஓட்டத்தில் குறையே இல்லை என்றால் பிரஷர் நிற்காமல் வடிகிறது. ஐடில் நன்றாக இருக்கிறது, ஊருக்குள் ஓட்டினாலும் பரவாயில்லை, ஆனால் ஹைவேயில் 80ஐத் தாண்டினால் இழுவை செத்துப்போகிறது என்றால் அளவு போதவில்லை: ஃபில்டர் அடைப்பு, ஸ்ட்ரெய்னர் அடைப்பு, தேய்ந்த பம்ப், வயரில் வோல்டேஜ் இழப்பு இவற்றில் ஒன்று. குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடி, நல்ல வெயிலில் முக்கால் மணி நேரம் போன பிறகு திணறினால் சூடான பம்ப்பையோ, சூட்டில் தொடர்பு விடும் ரிலேயையோ (பம்ப்புக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச்) சந்தேகப்படலாம். டாங்கியில் கால் பங்குக்குக் கீழே போனால் மட்டும், அதுவும் வளைவிலோ ஏற்றத்திலோ திணறினால் டாங்கிக்குள்ளேதான் விஷயம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது சுவிட்சை அணைத்தது போல எஞ்சின் சட்டென்று நின்றால் ஃப்யூவலை நினைப்பதற்கு முன் ஆர்பிஎம் மீட்டரைப் பாருங்கள். வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் பொத்தென்று சுழிக்கு விழுந்தால் சென்சார் அல்லது இக்னிஷன் பக்கம் பிரச்சனை. எஞ்சின் சுற்றும் சிக்னல் வராவிட்டால் ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) தானாகவே பம்ப்பையும் நிறுத்திவிடும், அதனால் பிரஷர் விழுவது அங்கே காரணம் அல்ல, விளைவு.

ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிளக் வயர், இன்டேக் பக்கம் காற்று ஒழுகும் ஓஸ், இழுத்துப் பிடித்த பிரேக், வழுக்கும் கிளட்ச் எல்லாமே "இழுவை இல்லை" என்ற ஒரே புகாராகத்தான் வரும். அரை மணி நேரம் செலவழித்து இவற்றைப் பார்த்து ஒதுக்கிவிட்டு வாருங்கள்.

கையை வைப்பதற்கு முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். ஓடும் லைனில் 3 கிலோ பிரஷரில் பெட்ரோல் இருக்கிறது, கிளிப்பைத் தளர்த்தியவுடன் அது கண்ணிலும் சூடான எக்ஸாஸ்ட் மேலும் பீய்ச்சி அடிக்கும். வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். வீட்டின் மூடிய ஷெட்டில், அதுவும் பக்கத்தில் பூஜை விளக்கோ கேஸ் அடுப்போ எரியும் இடத்தில் செய்யவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து தூரத்து நெருப்பைத் தேடிப் போகும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். உலர் பவுடர் வகை தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில், கண்ணுக்குக் கண்ணாடி, வெளிச்சத்துக்கு எல்இடி டார்ச். கண்ணாடி பல்பு போட்ட ஹேண்ட் லேம்ப் கீழே விழுந்து உடைந்தால் அதுவே பற்றவைக்கும்.

லைனைத் திறப்பதற்கு முன் பிரஷரை இறக்குங்கள். பம்ப் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் லைனில் இருக்கும் பெட்ரோல் தீரும்வரை ஓடி நிற்கும். இன்னும் இரண்டு மூன்று முறை சில விநாடிகள் செல்ஃப் அடியுங்கள். பெட்ரோல் டாங்கி மூடியைத் திறந்து ஆவியை விட்டு மூடுங்கள். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். இவ்வளவு செய்தும் கொஞ்சம் பெட்ரோல் வரத்தான் செய்யும், இணைப்பின் மேல் துணியைப் போர்த்திக்கொண்டு மெல்லத் திறங்கள்.

செலவில்லாத சோதனைகள்

முதலில் ஐந்து லிட்டர் பெட்ரோல் ஊற்றுங்கள். பழைய கார்களில் டாங்கி மிதவை மாட்டிக்கொண்டு கால் டாங்கி காட்டும், உள்ளே ஒன்றும் இருக்காது.

அடுத்தது மூடி. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மூடியைத் திறக்கும்போது காற்றை உள்ளே இழுக்கும் பலத்த சத்தம் வந்தால், காற்று உள்ளே போகும் வழி அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய டாங்கிக்குள் வேக்குவம் உண்டாகி, பம்ப் அதை எதிர்த்து இழுக்க முடியாமல் திணறும். மூடியைத் திறந்தவுடன் வண்டி கொஞ்ச நேரம் நன்றாக ஓடினால் காரணம் இதுவேதான்.

இப்போது சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள், செல்ஃப் அடிக்க வேண்டாம். பின்சீட்டுப் பக்கம் காதை வைத்தால் இரண்டு மூன்று விநாடிக்கு உய்ங் என்ற சத்தம் கேட்டு நிற்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் மின்சாரப் பக்கம் போங்கள். இருந்தால் பம்ப் சுற்றுகிறது என்று மட்டும் அர்த்தம், நன்றாகத் தள்ளுகிறது என்று அர்த்தமில்லை. சத்தம் வழக்கத்தைவிடக் கீச்சென்று உரத்து இருந்தால் பம்ப் பெட்ரோல் கிடைக்காமல் சுற்றுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம், ஸ்ட்ரெய்னர் அடைப்புக்கு அது நல்ல அடையாளம்.

காலையில் ஸ்டார்ட்டிங் சிரமம் இருக்கும் வண்டிக்கு ஓர் எளிய சோதனை உண்டு. சாவியை ஆன் செய்து மூன்று விநாடி விட்டு ஆஃப் செய்யுங்கள். இப்படி மூன்று நாலு முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் பட்டென்று பிடிக்கிறதா? அப்படியென்றால் பம்ப் பிரஷரை உண்டாக்குகிறது, லைன் அதைப் பிடித்து வைக்கவில்லை. பம்ப் வாங்கும் எண்ணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

மின்சாரம்: பெரும்பாலோர் தாண்டிப் போகும் இடம்

என்னைக் கேட்டால் 15, 20 வருடம் ஆன காரில் கேஜுக்கு முன் மல்டிமீட்டரை எடுப்பேன். பம்ப் ஒரு மோட்டார். அதற்கு 13 வோல்ட்டுக்குப் பதில் 10.5 வோல்ட் போனால் சுற்றும், சத்தமும் கேட்கும், ஆனால் தள்ளும் அளவு பெரிதாகக் குறையும். அந்த வோல்ட் எங்கே போகிறது? கருத்துப்போன ஃபியூஸ் கால்களில், ரிலேயின் எரிந்த தொடர்பில், பச்சை பிடித்த கனெக்டரில், பின்பக்கம் பாடியில் போல்ட் போட்ட எர்த்தில். கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டி என்றால் இது இன்னும் அதிகம்.

சோதிக்கும்போது பம்ப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இது மிக முக்கியம். கனெக்டரைக் கழற்றிவிட்டு அதன் முனையில் மீட்டரை வைத்தால் ஒரே ஒரு இழையில் தொங்கும் வயர்கூட 12.6 வோல்ட் காட்டும், கரண்ட் ஓடும்போதுதான் குட்டு வெளிப்படும். எஞ்சின் ஐடிலில் ஓடினால் போதும். ஸ்டார்ட்டே ஆகாத வண்டியில் ரிலேயைக் கழற்றி, அதன் சாக்கெட்டில் 30, 87 என்று எண் இருக்கும் இரண்டு துளைகளை 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த வயரால் இணைத்தால் பம்ப் தொடர்ந்து ஓடும். எண்கள் இல்லாத சாக்கெட் என்றால் வயரிங் படம் பார்க்காமல் செய்யாதீர்கள், தவறான துளையில் போட்டால் ஈசிஎம் போய்விடும்.

மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும், நீளமான வயர் இணைத்த இன்னொரு முனையைப் பம்ப் கனெக்டரின் பாசிட்டிவிலும் வையுங்கள். காட்டும் எண்தான் வழியில் தொலையும் வோல்டேஜ். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. பிறகு பம்ப்பின் நெகட்டிவுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் பாருங்கள், 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்குங்கள். பாசிட்டிவ் பக்கம் இழப்பு அதிகம் என்றால் மீட்டர் முனையைக் கனெக்டர், ரிலே, ஃபியூஸ் என்று ஒவ்வொன்றாக முன்னால் நகர்த்துங்கள். எண் சட்டென்று குறையும் இடத்துக்கும் அதற்கு முன் வைத்த இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு. ரிலே சூடான பிறகு மட்டும் விடுகிறதென்றால் அதே எண்ணுள்ள புது ரிலேயைப் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பது சுலபமான வழி.

டிசி கரண்ட் காட்டும் கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் பம்ப் வயரில் மாட்டுங்கள். இந்த வகைப் பம்ப்புகள் பெரும்பாலும் 4 முதல் 8 ஆம்பியர் இழுக்கும். வோல்டேஜ் சரியாக இருந்து கரண்ட் இதைவிட மிகக் குறைவு என்றால் பம்ப் சுமையே இல்லாமல் சுற்றுகிறது: பெட்ரோல் கிடைக்கவில்லை, உள்ளே ஓஸ் கிழிந்திருக்கிறது, அல்லது பம்ப்பின் உள்பாகம் தேய்ந்துவிட்டது. மிக அதிகம் என்றால் ஃபில்டர் அடைப்பு அல்லது இறுகிப்போன மோட்டார்.

ஃபோர்டு ஐகான், ஃபியட் பாலியோ வைத்திருப்பவர்கள் பம்ப்புக்கு மின்சாரமே வராவிட்டால் முதலில் இனர்ஷியா சுவிட்சைப் (வண்டி மோதினால் பம்ப்பை நிறுத்தும் சுவிட்ச்) பாருங்கள். பெரிய பள்ளத்தில் இடித்தாலே அது வெளியே தள்ளி நிற்கும். எங்கும் பெட்ரோல் ஒழுகவில்லை என்று பார்த்துவிட்டு அழுத்தினால் போதும்.

கேஜ் மாட்டுவது

7 கிலோ, அதாவது 100 பிஎஸ்ஐ வரை காட்டும் ஃப்யூவல் பிரஷர் கேஜ் வாங்குங்கள். டயர் காற்று பார்க்கும் கேஜ் இதற்கு ஆகாது, பெட்ரோல் பட்டால் உள்ளே ரப்பர் கரைந்து ஒழுக ஆரம்பிக்கும். நம் ஊர் பழைய கார்கள் பலவற்றில் ரெயிலில் சோதனை வால்வு கிடையாது. அதனால் ஃபில்டரிலிருந்து ரெயிலுக்கு வரும் ரப்பர் ஓஸைக் கழற்றி நடுவில் ஒரு டி இணைப்பைப் போட வேண்டும். டிக்குப் போடும் ஓஸ் இஞ்செக்ஷன் பிரஷருக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும், கிளிப்பும் முழு வட்டமாகப் பிடிக்கும் வகை. கார்புரேட்டர் ஓஸ், மீன் தொட்டிக் குழாய், பச்சை நிற பிளாஸ்டிக் டியூப் எதையும் "சோதனைக்குத்தானே" என்று போடாதீர்கள்.

மாட்டியவுடன் சாவியை ஆன் செய்து ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு துளி ஈரம் இருந்தாலும் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

கேஜ் சொல்வதைப் படிப்பது

சாவி ஆன், எஞ்சின் ஆஃப்: முள் மூன்று விநாடிக்குள் 2.7 கிலோவைத் தொட வேண்டும். மெதுவாக ஊர்ந்து ஏறினால், அல்லது இரண்டு மூன்று முறை ஆன் செய்த பிறகுதான் எட்டினால் தள்ளும் அளவு போதவில்லை.

ஐடிலில் 2.1 முதல் 2.6. இப்போது ரெகுலேட்டரின் வேக்குவம் ஓஸைக் கழற்றி விரலால் அடையுங்கள். பிரஷர் அரை கிலோ அளவுக்கு உடனே ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் ஓஸில் வேக்குவம் வருகிறதா பாருங்கள். வேக்குவம் வந்தும் முள் அசையவில்லை என்றால் ரெகுலேட்டர் சரியில்லை, அல்லது ரெகுலேட்டர் கட்டுப்படுத்தும் அளவுக்கே பெட்ரோல் வந்து சேரவில்லை. அந்தக் கழற்றிய ஓஸுக்குள் பெட்ரோல் ஈரமோ வாசனையோ இருந்தால் ரெகுலேட்டரின் டயாஃப்ரம் என்கிற உள் ரப்பர் சவ்வு கிழிந்துவிட்டது. வேறு சோதனை தேவையில்லை, மாற்றிவிடுங்கள்.

அழுத்தம் எல்லா நிலையிலும் குறைவாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பம்ப்பா, ரெகுலேட்டரா? எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதற்குத்தான். ரெகுலேட்டரிலிருந்து டாங்கிக்குப் போகும் ரிட்டர்ன் ரப்பர் ஓஸை, கூர்மையில்லாத ஓஸ் கிளாம்ப்பால் ஒன்றிரண்டு விநாடி மட்டும் நசுக்குங்கள். கேஜைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். முள் விறுவிறுவென 4.5, 5 கிலோவைத் தாண்டிப் போனால் பம்ப்புக்கும் ஃபில்டருக்கும் குறையில்லை, ரெகுலேட்டர்தான் திறந்தே கிடக்கிறது. உடனே விட்டுவிடுங்கள், அதிக நேரம் பிடித்தால் எங்காவது பழைய ஓஸ் வெடிக்கும். முள் கொஞ்சம் மட்டும் ஏறி நின்றுவிட்டால் வரவு போதவில்லை: ஃபில்டர், ஸ்ட்ரெய்னர், டாங்கிக்குள் இருக்கும் ஓஸ், பம்ப், வயர். நைலான் பைப்பையும் வெடிப்பு விட்ட ரப்பரையும் நசுக்கக் கூடாது, நசுக்கிய இடமே பிறகு ஒழுகும். பழைய ஓஸ் என்றால் சோதனைக்கு முன்பே புதிது போட்டுவிடுவது நல்லது, எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.

நின்ற இடத்தில் எல்லாம் சரியாகக் காட்டி, ரோட்டில் மட்டும் திணறும் வண்டிக்குக் கேஜை வெளியே, முன் கண்ணாடியின் மேல் கண்ணுக்குத் தெரியும்படி டேப் போட்டு ஒட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். பெட்ரோல் நிரம்பிய கேஜ் ஓஸை எக்காரணம் கொண்டும் காருக்குள் கொண்டு வராதீர்கள். பானட் மூடும்போது ஓஸ் நசுங்காமலும், எக்ஸாஸ்ட்டிலும் பெல்ட்டிலும் படாமலும் இருக்க வேண்டும். ஆளில்லாத ரோட்டில், பக்கத்தில் ஒருவர் முள்ளைப் பார்த்துச் சொல்ல, மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். அப்போது மேனிஃபோல்டில் வேக்குவம் கிட்டத்தட்ட இருக்காது என்பதால் பிரஷர் 3 கிலோவை ஒட்டி ஏற வேண்டும். ஏறுவதற்குப் பதில் 2, 1.5 என்று சரிந்தால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. சரியாமல் நின்றும் வண்டி இழுக்கவில்லை என்றால் ஃப்யூவல் பிரஷரை விட்டுவிடுங்கள், இஞ்செக்டர், இக்னிஷன், அடைத்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பக்கம் தேடுங்கள்.

பிரஷர் வடிவது எங்கே

எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் கேஜைப் பாருங்கள். மெல்ல இறங்குவது இயல்பு. ஒரு நிமிடத்துக்குள் 2 கிலோவுக்கு வெகு கீழே விழுந்தால் மூன்று வழிகள்தான்: பம்ப்பின் செக் வால்வு, ரெகுலேட்டர், ஒழுகும் இஞ்செக்டர். மறுபடி பிரஷர் ஏற்றி, நிறுத்தியவுடன் ரிட்டர்ன் ஓஸை நசுக்குங்கள். விழுவது நின்றால் ரெகுலேட்டர். நிற்கவில்லை என்றால் அடுத்த முறை டாங்கியிலிருந்து வரும் ஓஸை, கேஜுக்கு முந்தைய இடத்தில் நசுக்குங்கள். அப்போது நின்றால் செக் வால்வு அல்லது டாங்கிக்குள் இருக்கும் ஓஸ். இரண்டையும் நசுக்கியும் விழுந்தால் இஞ்செக்டர், பிளக்குகளைக் கழற்றினால் ஒன்று மட்டும் கருத்து ஈரமாக இருக்கும்.

செக் வால்வு மட்டும் போய், மற்ற எல்லா எண்களும் சரியாக இருந்தால் பம்ப் மாற்ற அவசரப்படத் தேவையில்லை. சாவியை இரண்டு முறை ஆன் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்தபடி பல மாதம் ஓட்டலாம்.

எவ்வளவு பெட்ரோல் வருகிறது

பிரஷர் இருக்கிறது, அளவு இல்லை என்ற நிலையும் உண்டு. ரெகுலேட்டரின் ரிட்டர்ன் குழாயில் ஓர் ஓஸைப் போட்டு, தரையில் வைத்த உலோகக் கேனுக்குள் விட்டு, எஞ்சின் ஓடாமல் பம்ப்பை மட்டும் 30 விநாடி ஓட்டுங்கள். பொதுவாக அரை லிட்டருக்குக் குறையாமல் வர வேண்டும், துல்லியமான அளவு உங்கள் மேனுவலில் இருக்கும். விட்டுவிட்டு, நுரையும் காற்றுமாக வந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கிறது.

குறைவாக வந்தால் ஃபில்டரை மாற்றிவிட்டு இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இது விலை குறைந்த பாகம், எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் நினைவிருக்காது. காருக்கு அடியில் டாங்கி பக்கமோ எஞ்சின் அறையிலோ இருக்கும், அம்புக்குறி எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். கழற்றிய பழைய ஃபில்டரின் உள்வழிப் பக்கத்தை ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் கவிழ்த்துப் பாருங்கள். கருப்பாகவோ செம்பழுப்பாகவோ தூள் வந்தால் டாங்கி உள்ளே துருப்பிடித்திருக்கிறது. அந்த டாங்கியைச் சுத்தம் செய்யாமல் புதுப் பம்ப் போட்டால் அதுவும் சீக்கிரம் போகும்.

டாங்கிக்குள்

வயர் சரி, ஃபில்டர் புதிது, ரெகுலேட்டர் சரி, இன்னமும் அளவு குறைவு. இப்போதுதான் டாங்கியைத் தொட வேண்டும். சில கார்களில் பின்சீட்டுக்கு அடியில் மூடி இருக்கும், சிலவற்றில் டாங்கியையே இறக்க வேண்டும். பெட்ரோலை முன்பே வடித்துவிடுங்கள்.

பம்ப்பை வெளியே எடுத்தவுடன் பம்ப்புக்கும் மேல் பைப்புக்கும் இடையில் இருக்கும் சின்ன ஓஸைப் பாருங்கள். அது வெடித்திருந்தால் பம்ப் தள்ளும் பெட்ரோலில் பாதி டாங்கிக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருக்கும். வெளியே ஒரு துளி ஒழுகாது, வாசனை வராது, பம்ப் சத்தமும் நன்றாகவே இருக்கும். அரை அடி ஓஸுக்காக நல்ல பம்ப்பைத் தூக்கிப் போடுவது இங்கேதான் நடக்கிறது. மாற்றும்போது பெட்ரோலில் மூழ்கியே இருப்பதற்கான எஸ்ஏஇ 30ஆர்10 வகை ஓஸ் போடுங்கள். வெளியே போடும் 30ஆர்9 ஓஸ் இஞ்செக்ஷனுக்கு உரியதுதான் என்றாலும் அதன் வெளித்தோல் மூழ்கிக் கிடப்பதற்குச் செய்ததல்ல, உப்பிக் கரைந்துவிடும். ஸ்ட்ரெய்னர் கருத்திருந்தால் கழுவாதீர்கள், புதிது போடுங்கள். கனெக்டரின் பிளாஸ்டிக் உருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இத்தனையும் சரி என்றால் பம்ப்தான். மாற்றுங்கள், ஆனால் நம்பிக்கையான கடையில் வாங்குங்கள், அசல் பெட்டியில் வரும் போலிப் பம்ப்புகள் சந்தையில் உண்டு.

கேஸ் கிட் போட்ட வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பம்ப்பைக் குளிர வைப்பதே அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். கேஸில் ஓடுகிறதே என்று டாங்கியில் இரண்டு லிட்டரோடு வருடக்கணக்கில் ஓட்டினால், பெட்ரோலில் ஓட்ட நினைக்கும் நாளில் பம்ப் இருக்காது. கால் டாங்கி எப்போதும் இருக்கட்டும், வாரம் ஒரு முறையாவது சில கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்டுங்கள்.

பெட்ரோலே மாறிவிட்டது

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் இந்தியாவில் அறிமுகமாகி, இப்போது பரவலாகிவிட்டது. 2000ஐ ஒட்டி வந்த கார்களின் ரப்பர் ஓஸ், டயாஃப்ரம், ஓ-ரிங் எதுவும் இந்த அளவு எத்தனாலுக்காகச் செய்தவை அல்ல. அதனால் பழைய காரில் டாங்கி முதல் ரெயில் வரை எல்லா ரப்பர் ஓஸையும் எத்தனாலைத் தாங்கும் வகையில் ஒரே தடவையில் மாற்றிவிடச் சொல்வேன். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். அடியில் தனி அடுக்கு பிரிந்தால் டாங்கி முழுவதையும் வடிக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. சாதாரண பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீத எத்தனால் கலவைக்கு 13.5 போதும், அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் ஊற்ற வேண்டும். முழு ஆக்ஸிலரேட்டரில் ஆக்ஸிஜன் சென்சாரைக் கேட்காமல் ஓடும் பழைய ஈசிஎம் இதை அறியாது. ஸ்கேனர் மாட்டக்கூடிய வண்டி என்றால் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும் பி0171 என்ற கோடு வரலாம், லேசான ஜெர்க்கும் இருக்கலாம், ஆனால் கேஜில் பிரஷர் கச்சிதமாக இருக்கும். அந்த நிலையில் பம்ப் மாற்றினால் ஒரு மாற்றமும் தெரியாது.

கார்புரேட்டர் வண்டி என்றால்

பிரீமியர் பத்மினி, அம்பாசடர், பழைய மாருதி 800 போன்றவற்றில் கேம் ஷாஃப்ட் தள்ளும் மெக்கானிக்கல் பம்ப். பிரஷர் 0.2 முதல் 0.35 கிலோதான், மேலே சொன்ன எண்களை இதோடு ஒப்பிடாதீர்கள். காயிலின் வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் ஓஸை ஒரு பாட்டிலில் விட்டு செல்ஃப் அடித்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் பலமாகத் துள்ளி வர வேண்டும். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை அடித்தாலோ ஆயில் மட்டம் கூடியிருந்தாலோ பம்ப் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயில் சேம்பருக்குள் போகிறது. பம்ப்பையும் ஆயிலையும் மாற்றாமல் ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும்.

வேலை முடிந்த பிறகு

கேஜைக் கழற்றுவதற்கு முன் சாவி ஆன், ஐடில், வேக்குவம் ஓஸ் கழற்றிய நிலை, நிறுத்தி ஐந்து நிமிடம் என்று நாலு எண்களையும் தேதியோடும் கிலோமீட்டரோடும் ஆர்சி புத்தகம் வைக்கும் பையில் எழுதி வையுங்கள். அடுத்த முறை தொந்தரவு வரும்போது மேனுவல் எண்ணைவிட உங்கள் வண்டியின் பழைய எண்தான் அதிகம் உதவும். டி இணைப்பை எடுத்துவிட்டு ஓஸைப் புதுக் கிளிப்போடு பூட்டி, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டி, ஒவ்வொரு இணைப்பையும் திரும்பத் தடவிப் பாருங்கள். மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் இன்னொரு தடவை பாருங்கள், குளிர்ந்த நிலையில் மட்டும் ஒழுகும் கிளிப்புகள் அப்போதுதான் அகப்படும்.